துப்பாக்கியா, கையா

ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் சந்தனாவுக்கு பில் போடும் வேலை. நாள் முழுக்கப் பட்டுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பாள். உடுத்துவது மட்டும் பருத்திப் புடவை. புழுவைக் கொதிநீரில் போட்டு எடுத்த நூல் உடம்பில் படக்கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். தோல் செருப்பும் தோல் பையும்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. "எங்க கடைல ஒரு முழம் பட்டுகூட வாங்காத ஒரே ஆளு நீதாம்மா" என்று முதலாளி தீபாவளிக்கு தீபாவளி அலுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் துப்பாக்கி பிடிக்கிறாள் என்றால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வந்தவாசிப் பக்கத்துச் சொந்தத்தில் இதைப் பேசாத வாய் கிடையாது. எறும்பைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிற சமண நயினார் குடும்பத்தில் இது என்ன கூத்து என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். அப்பா ஜீவந்தரன்தான் மகளுக்காக மல்லுக்கு நிற்பார். "அவ சுடறது காயிதத்த. காயிதத்துக்கு உசுரு இல்ல. நீங்க வாயால சுடறீங்களே, அதுக்கு இன்னா சொல்றீங்க?" ஆனால் இத்தனை வக்காலத்து வாங்கியவர் ஒருநாளும் மகள் சுடுகிற இடத்துக்கு வந்து பார்த்ததில்லை.

அந்த இடம் சேவூர் ரோட்டில் இருந்தது. ஓடாமல் கிடந்த அரிசி ஆலையின் கிடங்கை வாடகைக்கு எடுத்து, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த இளவரசன் ஒரு கிளப் நடத்தினார். காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிள்தான். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அதில் கறுப்பு வட்டம், நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு அந்தப் புள்ளியில் விழவேண்டும். ஐந்து வருடமாக சந்தனாவின் பெல்லட் பெரும்பாலும் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. சேர்த்து வைத்த சம்பளத்தில் சொந்தமாக ஒரு நல்ல துப்பாக்கியும் வாங்கியிருந்தாள்.

பொங்கலுக்கு அப்புறம் அது மாறியது. நல்ல பிள்ளையாக நான்கு நடுவில் விழும், ஐந்தாவது எங்கோ ஓரத்துக்கு ஓடும். அடுத்த அட்டையில் இரண்டு ஓடும். இளவரசன் பெல்லட் டப்பாவை மாற்றிப் பார்த்தார், திருகுகளை இறுக்கிப் பார்த்தார். ஒன்றும் சரிப்பட்டு வரவில்லை.

சந்தனாவுக்கு வேறொன்று தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடையில் பில்லில் கையெழுத்துப் போடும்போது கடைசி எழுத்தின் வால் தானாக ஒருமுறை துடித்தது. டீ கிளாஸை எடுத்தால் விளிம்பில் டீ ஆடியது. அன்றிலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள்.

அப்பா டிராயிங் மாஸ்டராக இருந்தவர். நாற்பது தாண்டியதும் வலது கை ஆட ஆரம்பித்தது. பிள்ளைகள் சிரிக்குமுன் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு வந்தார். வேலூரில் காட்டியபோது டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "உயிருக்கு ஒன்றுமில்லை. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம்." பக்கத்து நாற்காலியில் சந்தனா உட்கார்ந்திருந்தாள். இன்றுவரை அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை.

இப்போது சென்னையில் மாநிலப் போட்டி நெருங்கிவிட்டது. கிளப்பிலிருந்து மூன்று பேர் கொண்ட அணி. மூன்றாவது பெயர் சந்தனாவுடையது. அவள் சுடவில்லை என்றால் போகவேண்டியவள் சங்கீதா. கலசப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் கல்லூரிப் பெண். கிளப்பின் துப்பாக்கியில்தான் பழகுகிறாள். குறி தவறுவது துப்பாக்கியால் என்றால் வேறு துப்பாக்கியோடு சந்தனாவே போகலாம். கையால் என்றால் இடம் சங்கீதாவுக்குப் போகவேண்டும். அதோடு சந்தனாவின் சுடுதலும் முடிந்தது.

இளவரசனுக்கு விஷயம் லேசாகத்தான் பட்டது. "ஆள எடுத்துட்டு துப்பாக்கிய மட்டும் சுட வுட்டுப் பாக்கணுங்க. அவ்ளோதான்." பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் துப்பாக்கியைப் பூட்டி, அசையாமல் நிறுத்தி, ஐந்து தடவை சுடவேண்டும். ஐந்தும் ஒரே இடத்தில் விழுந்தால் துப்பாக்கி சுத்தம். சிதறினால் துப்பாக்கியில் கோளாறு.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. சந்தனா அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தாள்.

"மொதல்ல மணல் மூட்டைல வெச்சிப் பாக்கறேன் சார்" என்றாள். கிளப்பில் இருந்த மூட்டை தோலால் ஆனது. அதனால் தானே கித்தான் துணியில் ஒன்று தைத்தாள். ஊரில் மலிந்து கிடப்பது அரிசிதானே என்று நொய்யைப் போட்டு நிரப்பினாள். ஒரே வாரத்தில் உள்ளே வண்டு வைத்துவிட்டது. அதன்மேல் துப்பாக்கியை அழுத்தினால் வண்டு செத்துப்போகும் என்று மூட்டையைப் பிரித்து, முறத்தில் கொட்டி, ஒவ்வொரு வண்டாகக் கொல்லைப்புறத்தில் விட்டாள். கிளப்பில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு ஆற்று மணலைச் சலித்துக் காயவைத்து நிரப்பினாள். அந்த வேலையில் கொஞ்சம் நாள் போனது. போகட்டும் என்றுதான் அவளும் செய்தாள்.

மூட்டைமேல் வைத்துச் சுட்டபோது அட்டை இரண்டுங்கெட்டானாக வந்தது. நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. இளவரசன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் தெரியாதுங்க. மூட்ட முன்பக்கத்தத்தான் தாங்குது. பின்பக்கம் உங்க தோள்லதான் இருக்குது. சுண்டறதும் உங்க விரலுதான். இதுல பாதி துப்பாக்கி, பாதி நீங்க."

பாதிதான் நான் என்பது அவளுக்கு வேண்டியிருந்தது. மீதிப் பாதிமேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

அடுத்து ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் வைஸை வரவழைத்தாள். துப்பாக்கியைப் படுக்கவைத்துக் குழலைத் துடைப்பதற்கென்றே செய்தது. மெத்தென்று இரண்டு பள்ளம், எண்ணெய்ப் புட்டி வைக்க ஒரு குழி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இளவரசன் ஒரு விரலால் தள்ளினார். துப்பாக்கி தொட்டில்போல ஆடியது.

"தொடைக்கறதுக்கு இத வெச்சிக்கோங்க. இதுல வெச்சி குறி பாத்தா கண்ண மூடிகினு சுட்டாப்பலதான். ஏங்க இப்படி இழுத்துகினு போறீங்க? டைம் இல்ல. எனக்கும் பேஜாரா இருக்குது."

அவரே மறுநாள் எங்கோ மூடிப்போன லேத் பட்டறையிலிருந்து ஒரு கனமான இரும்பு வைஸை வாங்கிவந்து, மேஜையில் போல்ட் போட்டு முறுக்கினார். இரும்புத் தாடை துப்பாக்கியைக் கடித்து வைக்கக்கூடாது என்று இரண்டு தடித்த தோல் துண்டுகளையும் வெட்டிக் கொடுத்தார். "இத ரெண்டு பக்கமும் வெச்சிப் பூட்டுங்க. குழல்ல பூட்டாதீங்க, அடிப்பக்கத்துல பூட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு போன் வந்தது. கழனியில் மோட்டார் எரிந்துபோன சமாசாரம். பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

தோல் துண்டுகள் மேஜைமேல் கிடந்தன. சந்தனா அவற்றை ஒரு அட்டையால் நகர்த்தி அலமாரியில் தள்ளினாள். துடைப்பதற்கென்று கொண்டுவந்த அப்பாவின் பழைய வேட்டித் துணி பையில் இருந்தது. அதைக் கிழித்து, எட்டாக மடித்து, இரண்டு பக்கமும் வைத்துப் பூட்டினாள். தோலுக்குப் பதில் பருத்தி. வீட்டில் எல்லாவற்றுக்கும் அப்படித்தானே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

ஐந்து முறை துப்பாக்கியின் நெம்புகோலைத் திறந்து பெல்லட் போட்டு, மூடி, சுட்டாள். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தாள். ஐந்தும் ஐந்து திக்கில் இருந்தன.

துப்பாக்கிதான். கை இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது. ஆயிரக்கணக்கில் போட்டு வாங்கிய துப்பாக்கி கெட்டுப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே அவளாகத்தான் இருப்பாள்.

அவள் துப்பாக்கியைக் கழற்றித் துணியைப் பையில் போட்டபிறகுதான் போன் பேசி முடித்து வந்த இளவரசன் அட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். "நெனச்சேன். சரி, இது ரிப்பேருக்குப் போவட்டும். நீங்க சங்கீதா துப்பாக்கிய எடுத்துகினு போங்க. நாளைக்கி ரயிலு."

இதற்குள் உள்ளே வந்திருந்த சங்கீதாவின் முகம் ஒரு கணம் வாடித்தான் போனது. ஆனாலும் தானே துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "டிரிக்கர் கொஞ்சம் டைட்டா இருக்கும்க்கா. ரெண்டு தபா சுட்டா கைக்கு வந்துடும்." பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். அவள் முதுகைப் பார்க்க சந்தனாவுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தால் என்ன, நியாயமாக வந்த இடம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடுவது அந்த வீட்டு வழக்கம். அவள் வந்து சேர்ந்தபோது அப்பா இலை போட்டுக் காத்திருந்தார். சாப்பிட்டு முடித்தும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. ரிப்பேருக்கு அனுப்புமுன் துடைத்து வைப்போம் என்று தன் துப்பாக்கியை அந்தப் பிளாஸ்டிக் வைஸில் படுக்கவைத்தாள். துடைக்கத் துணி தேடியபோது பையில் அந்த எட்டு மடிப்பு வேட்டித் துண்டுகள் கையில் வந்தன. ஒன்றைப் பிரித்தாள்.

நெசவு ஊரில் பிறந்தவளுக்கு இழை இழுத்த துணியைக் கண்டால் கண் அங்கேயே நிற்கும். வைஸ் கவ்விய இடத்தில் துணியின் இழைகள் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தன. இன்னொரு துண்டில் எதிர்ப்பக்கமாக. மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியிருந்தன. ஒவ்வொரு முறை நெம்பைத் திறந்து மூடும்போதும் துப்பாக்கி துணியோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. அட்டையில் சிதறியது பெல்லட் அல்ல, இந்த மடிப்பு.

சந்தனா துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

இதை யார் பார்க்கப்போகிறார்கள்? அவள் தோல் வைத்துத்தான் பூட்டினாள் என்று இளவரசன் நம்புகிறார். இந்த இரண்டு துண்டையும் நாளைக்குத் துவைத்துப்போட்டால் கதை முடிந்தது. அதோடு, துணி நகர்ந்ததால் துப்பாக்கி நல்ல துப்பாக்கி என்று ஆகிவிடுமா? கெட்டதாகவும் இருக்கலாமே. இப்படி அவள் தனக்குத்தானே வக்கீலாகிப் பார்த்தாள். எத்தனை வாதாடினாலும் சங்கீதா அந்தப் பெட்டியை மூடிய விதம் கண்முன்னே வந்து நின்றது.

"இன்னாம்மா, அந்தத் துணியவே பாத்துகினு இருக்கற?" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்லப்பா."

"ஒண்ணும் இல்லாததுக்கா மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?"

அவள் கை தெரியாமல் இருக்க அதைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு சொன்னாள். முழுதும் சொல்லவில்லை. "துப்பாக்கிய சரியா சோதிக்கலையோன்னு சந்தேகமா இருக்குப்பா. காலைல போயி மறுபடி பாக்கணும்."

"நானும் வரேன்" என்றார் அவர்.

காலையில் கிடங்கைத் திறந்தபோது அங்கே யாரும் இல்லை. இளவரசன் மோட்டாரோடு போளூர் போயிருந்தார். சாவி அவளிடம் இருந்தது. அப்பா உள்ளே வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்று, கழற்றியே விட்டார். கோயிலுக்குள் வந்தவர்போல மெல்ல நடந்து வைஸைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுலதான் வெப்பியா?"

"ஆமாம்பா."

"நேத்து இன்னா தப்பாச்சி?"

"நடுவுல துணி வெச்சேன். துணி வழுக்கிடுச்சி." அவள் அலமாரியைப் பார்த்தாள். அப்பாவின் கண்ணும் அங்கே போனது. "சார் தோல்துண்டு குடுத்தாரு. நான் தொடல."

ஜீவந்தரன் அறுபத்திரண்டு வயதுவரை தோலைத் தொடாத மனிதர். ரேடியோவுக்குத் தோல் உறை போட்டு வந்ததென்று உறையைக் கழற்றிக் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டு வந்தவர். அவர் அலமாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"அத வெச்சா தெரிஞ்சிடுமா?"

"தெரிஞ்சிடும்."

"தெரியாம போனா யாருக்காவது கஷ்டமா?"

"இன்னொரு பொண்ணு இருக்காப்பா. அவ போக வேண்டிய எடமா இருக்கலாம்."

அவர் கையை நீட்டி இரண்டு தோல் துண்டுகளையும் எடுத்தார். கை ஆடிய ஆட்டத்தில் ஒன்று கீழே விழுந்தது. குனிந்து அதையும் எடுத்து மகளிடம் கொடுத்தார். "அப்ப வை. குளிச்சிட்டாப் போச்சி."

அவள் வைத்தாள். தோல் துப்பாக்கியின் அடிப்பக்கத்தைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. கைப்பிடியைச் சுற்ற, இரும்பும் தோலும் துப்பாக்கியும் ஒரே கட்டையாக இறுகின. விரலால் தள்ளிப் பார்த்தாள்; கொஞ்சமும் அசையவில்லை. நெம்பைத் திறந்து மூடிப் பார்த்தாள்; அதற்கும் அசையவில்லை. இனி சாக்குச் சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

முதல் பெல்லட்டைப் போடும்போது அது விரலிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது. அப்பா பார்க்கவில்லை, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறொன்றை எடுத்துப் போட்டாள். டப்பென்று சத்தம். நெம்பைத் திறந்தாள், போட்டாள், சுட்டாள். மூன்றாவது சுட்டதும் நிறுத்திவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது. சிதறவேண்டும், சிதறவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே மீதி இரண்டையும் சுட்டாள். தன் துப்பாக்கி கெட்டிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் பாவம் அவளுக்கு அப்போது பாவமாகவே படவில்லை.

அப்பாதான் போய் அட்டையை எடுத்தார். எடுத்தவர் அங்கேயே நின்று உற்றுப் பார்த்தார், திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் முகமெல்லாம் மலர்ந்து வேகவேகமாக வந்தார். அவர் அப்படி நடந்து சந்தனா வெகுநாளாகப் பார்த்ததில்லை.

"ஒண்ணுதான் இருக்குதும்மா. அஞ்சும் ஒரே ஓட்டைல போயிருக்குது. கோணி ஊசில குத்தினாப்பல." அட்டையை அவள் முன்னால் நீட்டினார். "துப்பாக்கில ஒரு கொறையும் இல்ல. நீ பயந்துகினு இருந்தியே. இத எடுத்துகினே தாராளமா போலாம். அந்தப் பொண்ணு துப்பாக்கிய அவகிட்டயே குடுத்துடு."

அவருக்கு அட்டையைப் படிக்கத் தெரியவில்லை. எத்தனையோ கல்யாண வீடுகளில் இந்தத் துப்பாக்கிக்காகச் சண்டை போட்டவர், அந்த ஒற்றைத் துளைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றார். ஆமாம்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த முகம் இப்படியே இருக்கும்.

அவள் போனை எடுத்து சங்கீதாவைக் கூப்பிட்டாள். பஸ்ஸிலோ எங்கோ இருந்தாள்போல. ஹாரன் சத்தம் கேட்டது.

"சங்கீதா, நீ கெளம்பி ஸ்டேஷனுக்கு வந்துடு. துணிமணி எடுத்துகினு வா. நீதான் போற."

"இன்னாக்கா சொல்றீங்க? நீங்க போறீங்கன்னு சார் சொன்னாரே."

"நான் சார்கிட்ட பேசிக்கறேன். நீ என் துப்பாக்கியில சுடு. அது ரொம்ப நல்லா இருக்குது."

"அது கெட்டுப்போச்சின்னு..."

"கெட்டுப்போவல." சந்தனா அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். இத்தனை மாதம் மனதுக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்க்காததை இப்போது வாய்விட்டுச் சொன்னாள். "துப்பாக்கில ஒண்ணும் இல்ல. என் கைதான் ஆடுது."

சங்கீதா அக்கா அக்கா என்று ஏதேதோ கேட்டாள். ரயிலைத் தவறவிடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு சந்தனா போனை வைத்தாள். திரும்பிப் பார்க்கப் பயந்து, வைஸின் கைப்பிடியைத் தளர்த்தி, துப்பாக்கியை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

கடைசியில் திரும்பினாள். அப்பா அட்டையை மேஜையில் வைத்துவிட்டு அவள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறைக்கவில்லை. அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"எப்பலருந்து?"

"பொங்கலுக்கு அப்பறம்."

அவர் அந்தக் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அழுதுவிடுவார், தன்னைத்தானே திட்டிக்கொள்வார், மன்னிப்புக் கேட்பார் என்றெல்லாம் அவள் பயந்தாள். கேட்டால் தாங்கமுடியாது என்றும் நினைத்தாள். அவரோ அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கண்ணு, மூக்கு, கோவம் எல்லாம் உங்கம்மாதான் உனக்கு" என்றார். "என்கிட்டருந்து உனக்கு ஒண்ணுமே வரலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

சந்தனா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.